மெனு ஷீட் உங்கள் சொத்து

கல்லாவும் கணினியும் – 11

பில்லிங் மென்பொருள் வாங்கிய கடைக்கு முதல் வாரத்திலேயே ஒரு போன் வரும். "அண்ணே, மெனு ஷீட்டை மட்டும் அனுப்பிடுங்க. பத்து நிமிஷத்துல ஏத்திக் குடுத்துடுறோம்." கடைக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் விலைப்பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "படம் வேணாம்ணே, எக்ஸெல்ல வேணும்" என்று பதில் வரும். பல கடைகளில் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. இல்லையென்றால் யாரோ ஒருவர் அவசரத்தில் ஒரு ஷீட்டை அடித்துக் கொடுக்கிறார். அதிலுள்ள தப்பெல்லாம் பில்லாக அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போகிறது.

சென்ற வாரம் பிரிண்டரையும் பில் பேப்பரையும் பார்த்தோம். இந்த வாரம் அந்த எக்ஸெல் ஷீட். சின்ன ஓட்டல்கள் கணினிக்கு மாறும்போது மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும், அதனாலேயே அதிகப் பணத்தை இழக்க வைப்பதும் இந்த வேலைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வில்லியனூர் வட்டத்துச் சுத்துக்கேணி போன்ற ஓர் ஊரில், ரோட்டோரம் ஓர் ஓட்டல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் இட்லி, பொங்கல், பூரி. மதியம் சாப்பாடு, மீன் குழம்பு. பொழுது சாய்ந்தால் பரோட்டா, கறி தோசை, கலக்கி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. எண்ணினால் 120 அயிட்டம் வரும். சப்ளையர் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார். மென்பொருளில் ஒவ்வொன்றாக அடிப்பதென்றால் பெயர், வகை, கடை விலை, பார்சல் விலை, வரி, சைவமா அசைவமா, கிடைக்கும் நேரம் என்று ஓர் உணவுக்கு ஏழு விவரம். 120 உணவுக்கு 840 இடத்தில் கை வைக்க வேண்டும். பிறகு ஸ்விக்கிக்கு ஒரு முறை, ஸொமேட்டோவுக்கு ஒரு முறை. ஷீட்டில் ஒரே தடவை ஒழுங்காக எழுதி மொத்தமாக ஏற்றுவது இந்தச் சுமையை இறக்கத்தான்.

ஒரு வரிசை, ஓர் உணவு

விலைப்பலகை மனிதர்கள் படிப்பதற்கு. அதே அழகோடு ஷீட்டையும் தயாரிப்பது முதல் தப்பு. 'தோசை வகைகள்' என்று நடுவில் ஒரு தலைப்பு, நாலு கட்டத்தை ஒன்றாகச் சேர்த்து மஞ்சள் வண்ணம், கீழே ஒரு காலி வரிசை. ஏற்றும்போது மென்பொருள் அந்தத் தலைப்பையும் ஓர் உணவாக எடுத்துக்கொள்ளும். கல்லாவில் 'தோசை வகைகள்' என்று விலையே இல்லாத ஒரு பட்டன் வந்து நிற்கும்.

விதி எளிது. முதல் வரிசையில் பத்திகளின் பெயர். அதற்குக் கீழே ஒவ்வொரு வரிசையும் ஓர் உணவு. தோசை, டிபன், சைட் டிஷ் என்பதற்குத் தனியாக 'வகை' என்று ஒரு பத்தி. 'சாதா/நெய்/பொடி தோசை – 50/70/65' என்று ஒரே கட்டத்துக்குள் எழுதியிருப்பதை மூன்று வரிசையாகப் பிரித்துவிட வேண்டும்.

விலைப் பத்தியில் எண் மட்டும் இருக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி '60/-' என்று எழுதினால் கணினிக்கு அது எண் அல்ல, எழுத்து. உதயகுமார் வடிவமைத்து 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற ₹ குறியும் இந்தப் பத்திக்குள் வேண்டாம். அது பில்லில் தானாக வரும். விலையைக் காலியாகவும் விடக்கூடாது. மீன் விலை தினமும் மாறுகிறது என்று வறுவலின் விலைக் கட்டத்தைச் சும்மா விட்டால், சில மென்பொருள் அந்த வரிசையையே தள்ளிவிடும். சில அதை 0 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். கூட்டம் மொய்க்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பூஜ்ய ரூபாய் வறுவலை யாரும் கவனிக்கப்போவதில்லை. பில் போடும்போதே விலையை அடித்துக்கொள்ளும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. மீன், நண்டு, நாட்டுக்கோழிக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.

சைவக் குறியும் மென்பொருளின் ஊகத்துக்கு விடக்கூடாத இடம். பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் அதைப் பழுப்பு முக்கோணமாக்கின. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள்கூட வடிவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். புரட்டாசி சனிக்கிழமை பச்சைக் குறியைப் பார்த்து நம்பி வாங்கியவர் இலையில் முட்டை இருந்தால், அவர் மறுபடி உங்கள் கடைப் பக்கம் வரமாட்டார். 120 வரிசையிலும் இந்தக் கட்டத்தை மட்டும் அடுக்களை மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்புங்கள்.

கமாவும் தேதியும்

ஷீட்டை ஏற்றுவதற்கு முன் பெரும்பாலும் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கச் சொல்வார்கள். வண்ணம், கோடு, பார்முலா எல்லாம் கழன்று வெறும் எழுத்தும் எண்ணும் மிஞ்சும். ஒரு பத்தியை அடுத்த பத்தியிலிருந்து பிரிப்பது ஒரே ஒரு கமா. பக்கெட் பிரியாணிக்கு இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

118,பிரியாணி,சிக்கன் பக்கெட் பிரியாணி,1,200,பார்சல்

நம் கண் 1,200 ரூபாய் என்று படிக்கும். கணினியோ விலை 1 என்று எடுத்துக்கொண்டு, 200-ஐ அடுத்த பத்திக்குத் தள்ளிவிடும். ஆயிரத்து இருநூறு ரூபாய் பக்கெட் ஒரு ரூபாய்க்கு விற்பனைக்கு வரும். கமா உள்ள மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம், 2005-ல் ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் அதை எழுத்தில் வைத்தது. எக்ஸெல்லே அந்த மேற்கோளைப் போட்டுவிடும். ஆனால் நோட்பேடில் கையால் அடித்த கோப்பில் அது இருக்காது. எல்லா மென்பொருளும் அதை மதிக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் 1200 என்றே எழுதுங்கள். 'இட்லி, வடை, பொங்கல் செட்' என்ற பெயரை 'இட்லி வடை பொங்கல் செட்' ஆக்கிவிடுங்கள்.

அடுத்தது அளவுப் பத்தி. பிரியாணிக்கு முழு, அரை, கால் உண்டு. அரைக்கு 1/2 என்று அடித்து என்டர் தட்டினால், இந்திய முறையில் தேதி வைத்திருக்கும் எக்ஸெல் அதைப் பிப்ரவரி 1 ஆக்கிவிடும். 1/4 ஏப்ரல் 1 ஆகிவிடும். பயந்துபோய் அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் 1/2 திரும்பி வராது. 2026-ல் அடித்ததாக இருந்தால் 46054 என்று ஓர் எண் நிற்கும். 1900-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எக்ஸெல் வைத்திருக்கும் நாள் கணக்கு அது.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் ஓட்டல்காரர்கள் மட்டுமல்ல. மாதப் பெயர் போன்ற சுருக்கப்பெயர் கொண்ட மரபணுக்கள் எக்ஸெல்லில் தேதியாக மாறிக்கொண்டிருந்தன. எக்ஸெல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைத் தப்பு இருந்ததை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுப் பெயர்க் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றியது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அளவுப் பத்தியில் 'அரை', 'கால்', 'முழு' என்று எழுத்தில் எழுதினால் போதும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை அடிக்கும் கட்டத்தையும் முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸெல் அதைச் சுருக்கி வேறு வடிவத்தில் காட்டும்.

தமிழ் எழுத்து

நம் ஊர்க் கடைகளுக்கே உரிய சிக்கல் இது. மெனு கார்டு அடித்துக் கொடுத்த அச்சகத்தில் கோப்பு இருக்கும். அதை வாங்கி ஷீட்டில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். காரணம், அச்சகங்களும் பிளெக்ஸ் கடைகளும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களை இன்னமும் பயன்படுத்துவதுதான். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. அச்சகத்துக் கணினிக்கு அந்த மாற்றம் முழுதாக வந்து சேரவில்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உண்டு. அவற்றில் போட்டு எடுத்தபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்துப் பாருங்கள்.

சரியான தமிழில் அடித்த ஷீட்டும் ஏற்றியபின் ????? என்று வரலாம். எக்ஸெல்லில் சேமிக்கும்போது வெறும் சி.எஸ்.வி. என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தொலைந்துவிடும். பட்டியலில் 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. 'கொத்து பரோட்டா' என்பதில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்றாகச் சேர்ந்தது ஒரு விதம். க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். பெயரைக் குறியீடு குறியீடாக ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு உணவுகள். பழைய எழுத்துருவிலிருந்து சரியாக மாற்றப்படாத வரிகளில் இப்படி வர வாய்ப்பு அதிகம். பரோட்டா, புரோட்டா என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவதும் இதே குழப்பத்தைத்தான் உண்டாக்கும். கடைக்கு எது வழக்கமோ அதை எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

தமிழ்ப் பெயருக்கு ஒரு பத்தி, ஆங்கிலப் பெயருக்கு ஒரு பத்தி என இரண்டும் வேண்டும். செயலிக்கு ஆங்கிலம் உதவும். அடுக்களைச் சீட்டைப் படிக்கும் மாஸ்டருக்குத் தமிழ் வேண்டும். 58 மில்லிமீட்டர் ரோலில் சாதாரண அளவு ஆங்கில எழுத்து ஒரு வரிக்கு 32-தான் பிடிக்கும். தமிழ் அதைவிட அகலம். 'செட்டிநாடு ஸ்பெஷல் நாட்டுக்கோழி பெப்பர் வறுவல்' என்று செயலியில் அழகாக எழுதிக்கொள்ளுங்கள். அடுக்களைச் சீட்டுக்கு 'நா.கோழி வறுவல்' போதும்.

எண் இல்லாவிட்டால் எல்லாம் இரண்டாகும்

இவ்வளவையும் முதல் நாள் கவனித்துச் செய்துவிடலாம். உண்மையான சோதனை மூன்று மாதம் கழித்து வரும். எண்ணெயும் கேஸும் ஏறிவிட்டது, எல்லாவற்றுக்கும் அஞ்சு ரூபாய் கூட்ட வேண்டும். ஷீட்டில் விலையை மாற்றி மறுபடி ஏற்றுகிறீர்கள். 120 அயிட்டம் 240 ஆகிவிடுகிறது. நெய் தோசை 70-க்கு ஒன்று, 75-க்கு ஒன்று. கல்லாவில் இருப்பவர் கைக்கு எது முதலில் படுகிறதோ அதைத் தட்டுகிறார்.

இது பழைய நெய் தோசையேதான், விலை மட்டும் மாறியிருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டுமானால் மாறாத ஓர் அடையாளம் வேண்டும். பெயர் அதற்கு உதவாது. ஒரு புள்ளி மாறினாலே வேறு பெயராகிவிடும். ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எண்: அது ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான்.

சுத்துக்கேணியின் பெயரைத் தொல்லியல் உலகம் அறியும். ழான்-மரி கசாலும் ஜெனவியேவ் கசாலும் புதுச்சேரி வட்டாரத்துப் பெருங்கற்கால ஈமக்குழிகளை அகழ்ந்து 1956-ல் பிரெஞ்சில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே வீராம்பட்டினம், முத்திரப்பாளையத்தோடு சுத்துக்கேணியும் இருக்கிறது. அகழாய்வில் கிடைக்கும் பானைகள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற விவரம் அதற்குக் கொடுத்த எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எண் அழிந்தால் அது வெறும் பானை. மெனுவுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

எண்களை 101-லிருந்து தொடங்குங்கள். 001 என்று கொடுத்தால் எக்ஸெல் முன்னிருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். தோசைக்கு 100 வரிசை, பரோட்டாவுக்கு 200 வரிசை என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால் புது அயிட்டம் சேர்க்க இடமிருக்கும். நிறுத்திய உணவின் எண்ணை வேறு உணவுக்குக் கொடுக்காதீர்கள். பழைய விற்பனைக் கணக்கு குழம்பிப்போகும். மொத்தமாக ஏற்றும் திரையில் 'புதிதாகச் சேர்', 'இருப்பதை மாற்று', 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்று' என்ற பொருளில் தேர்வுகள் இருக்கும். அதைப் படிக்காமல் பட்டனைத் தட்டாதீர்கள். விலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தவே கூடாது. பெயர்கள் அப்படியே நிற்க, விலைகள் மட்டும் இடம் மாறி, இட்லியின் விலை மட்டன் சுக்காவுக்குப் போய்விடும்.

வரிப் பத்தி

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தபோது ஓட்டல்களுக்கு ஏ.சி. இல்லையென்றால் 12 சதவீதம், இருந்தால் 18 சதவீதம். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் பெரும்பாலான ஓட்டல்களுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாத 5 சதவீதமாக அது மாறியது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வரியைத் தனிப் பத்தியாக வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பத்தியை மாற்றும் வேலை. விலைக்குள் வரியைக் கலந்து எழுதியிருந்தவர்கள் ஒவ்வொரு விலையையும் மறுபடி கணக்குப் போட வேண்டியிருந்தது.

காம்போசிஷன் முறையில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. மென்பொருளின் மாதிரி ஷீட்டில் 5 என்று முன்கூட்டியே நிரப்பியிருந்தால் அதை 0 ஆக்குவது உங்கள் பொறுப்பு. செயலி வழியாக விற்கும் உணவுக்கான 5 சதவீதத்தை 2022 ஜனவரி 1 முதல் செயலி நிறுவனமே கட்டுகிறது. உங்கள் கணக்கிலும் அது வரிக்குரிய விற்பனையாக ஏறினால் இரண்டு முறை கட்டுவீர்கள். புதுச்சேரியில் பாரோடு கூடிய ஓட்டல்கள் நிறைய உண்டு. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது வேறு வரி. அந்த அயிட்டங்களை உணவோடு ஒரே வகைக்குள் போடக்கூடாது.

இன்னொன்று, எல்லை. புதுச்சேரியின் கிராமங்கள் தமிழகத்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. வில்லியனூரில் ஒரு கடை, கொஞ்ச தூரத்தில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிளை என்றால் இரண்டுக்கும் தனித்தனி ஜி.எஸ்.டி. பதிவு. புதுச்சேரி எண் 34-ல் தொடங்கும், தமிழ்நாடு 33. உணவு எண்களும் பெயர்களும் இரண்டு கடைக்கும் ஒன்றாக இருக்கலாம். விலையும் பில்லில் அச்சாகும் பதிவு எண்ணும் அந்தந்தக் கடைக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

ஏற்றும் நாள்

ஏற்றுவதற்கு முன், இருக்கும் மெனுவை மென்பொருளிலிருந்து ஒரு பிரதி இறக்கி வையுங்கள். முதலில் ஐந்தே ஐந்து வரிசை ஏற்றிப் பாருங்கள்: ஒரு தோசை, ஒரு அரை பிரியாணி, ஒரு மீன், ஒரு செட், ஒரு கூல்டிரிங்க்ஸ். பில் போட்டு, அடுக்களைச் சீட்டு அடித்து, சரியாக இருந்தால் மீதியை ஏற்றுங்கள். ஏற்றியபின் எண்ணுங்கள். 120 அனுப்பினால் 120 வந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். பழைய எக்ஸெல் கோப்பு வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மிஞ்சிய வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. அனுப்பியது எத்தனை, சேர்ந்தது எத்தனை என்று ஒருவர் ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இந்த ஷீட் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸோ ஸோஹோ ஷீட்டோ, எதுவாகவும் இருக்கட்டும். மென்பொருள் விற்றவரின் மெயிலிலோ செயலிக்காரரின் கணினியிலோ மட்டும் இருந்தால் மெனு உங்களுடையதல்ல. விலை மாற்ற அவரைக் கெஞ்ச வேண்டும். வேறு மென்பொருளுக்குப் போக நினைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பயத்தாலேயே பிடிக்காத ஒப்பந்தத்தில் கடைகள் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: மெனுவையும் விற்பனைக் கணக்கையும் எக்ஸெல்லாகத் திருப்பி எடுக்க முடியுமா? முடியாது என்று சொல்லும் மென்பொருள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஷீட்டைப் பார்த்துக்கொள்ள வெளியூர் ஏஜென்சி தேவையில்லை. பி.காமும் பி.சி.ஏ.வும் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். மேலே சொன்னதெல்லாம் அவர்களுக்கு ஒரு வாரப் பாடம். மாதச் சம்பளத்துக்கு வைக்க முடியாத கடைகள் நாலைந்தாகச் சேர்ந்து ஒருவருக்குக் கொடுக்கலாம். மெனு எந்தக் கடைக்கும் ரகசியமில்லை. அது சுவரிலேயே தொங்குகிறது. அதைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைக்கும் கை நம் ஊர்க் கையாக இருந்தால், சம்பளமும் ஊரிலேயே தங்கும், தொழிலின் பிடியும் கடைக்காரரிடமே இருக்கும்.

அடுத்த வாரம்: செயலிகளின் கமிஷனும் ஆன்லைன் விலையும். பத்திக்குப் பத்தி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

(தொடரும்)